வேண்டாம் என்று யார் எழுதினார்கள்?

டெல்லி ராஜிந்தர் நகரில் ஒரு அறையை மூன்று பேரோடு பங்குபோட்டுக்கொண்டு ஐ.ஏ.எஸ். தேர்வுக்குப் படிக்கிறான் என் அக்கா மகன். ஞாயிற்றுக்கிழமையானால் சாம்பாருக்கும் வாஷிங் மெஷினுக்குமாக ஜனக்புரியில் பெரியப்பா வீட்டுக்கு வந்துவிடுவான். மயூர் விஹாரிலிருந்து ப்ளூ லைனைப் பிடித்து நானும் போவேன். அப்படி ஒரு ஞாயிறன்று, பயிற்சி மையத்தில் எழுதிய விடைத்தாளைக் கொண்டுவந்து காட்டினான். கேள்வி இதுதான்: தேசிய ஆலோசனைக் குழு அரசியலமைப்புக்கு வெளியே இயங்கிய அதிகார மையமா, விவாதிக்க. ஆமாம் என்பதற்கு ஒரு பத்தி, இல்லை என்பதற்கு ஒரு பத்தி, கடைசியில் ‘சமநிலை அவசியம்’ என்று ஒரு வரி. இந்த அச்சில்தான் ராஜிந்தர் நகரில் எல்லா விடைகளும் வார்க்கப்படுகின்றன. மதிப்பெண்ணும் கிடைக்கிறது, குறை சொல்வதற்கில்லை. பெரியப்பா பூதக்கண்ணாடி வைத்து மெதுவாக முழுவதையும் படித்தார். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “நல்லாத்தான் எழுதியிருக்கே. ஆனா வேண்டாம்னு யார் சொன்னா, அதையும் மீறி யார் கையெழுத்துப் போட்டா, ரெண்டும் இதுல இல்லையேடா.”

அவன் சிரித்துவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டான். எனக்குத்தான் அது போகவில்லை. மன்மோகன் சிங் ஆட்சிக் காலம் முழுக்க எங்கள் அலுவலக கேன்டீனில் நாங்கள் போட்ட சண்டையே, சோனியா காந்தி தலைமையில் அரசுக்கு ஆலோசனை சொன்ன இந்தக் குழுவைப் பற்றித்தான். தேர்தலில் நிற்காதவர்கள் சட்டம் எழுதலாமா, அமைச்சரவை எதற்கு இருக்கிறது என்று நான் ஒரு பக்கம்; அமைச்சர்கள் எழுதுகிற லட்சணம் தெரியாதா என்று இன்னொரு பக்கம். அந்தச் சண்டையில் இந்தக் கேள்வி ஒருமுறைகூட எழுந்ததாக நினைவில்லை.

பெரியப்பா மத்திய அரசில் ஸ்டெனோவாகச் சேர்ந்தவர். கும்பகோணத்தில் டைப்ரைட்டிங் ஹையரும் ஷார்ட்ஹேண்ட் ஹையரும் முடித்து, தகரப் பெட்டியோடு ஜி.டி. எக்ஸ்பிரஸில் வந்திறங்கி, கரோல் பாக் மெஸ்ஸில் தொடங்கிய வாழ்க்கை. அந்தத் தலைமுறை டெல்லித் தமிழர்களில் பாதிப் பேருக்கு இதே கதைதான், விரிக்கவில்லை. அவருடைய வேலையில் பெரும்பகுதி கேபினட் நோட் அடிப்பது. அமைச்சரவையின் முடிவுக்காக ஒரு அமைச்சகம் அனுப்பும் குறிப்புக்கு அந்தப் பெயர். கம்ப்யூட்டர் வராத காலம். ஸ்டென்சில் தாளில் அடிக்க வேண்டும். ஒரு எழுத்து தப்பினால் சிவப்புத் திரவத்தைச் சின்ன பிரஷ்ஷால் தடவி, ஊதிக் காயவைத்து, அதன்மேல் மறுபடி அடிக்க வேண்டும். அந்தத் திரவத்தில் நகப்பூச்சு வாசனை அடிக்குமாம்; வீட்டுக்கு வந்தால் பெரியம்மா சந்தேகமாகப் பார்ப்பாராம். பிரதிகளுக்கு எண் போட்டு, உறைக்குள் உறையாக அரக்கு வைத்து, அப்போது ராஷ்டிரபதி பவன் வளாகத்தில் இருந்த கேபினட் செயலகத்துக்குக் கையிலேயே கொண்டுபோய்க் கொடுப்பார்கள்.

நோட் அங்கே போவதற்கு முன் மற்ற அமைச்சகங்களைச் சுற்றி வரவேண்டும். பணம் சம்பந்தப்பட்டிருந்தால் நிதி அமைச்சகம் பார்த்தே ஆக வேண்டும். ஒவ்வொருவரும் தங்கள் கருத்தை எழுதுவார்கள். அவை அனைத்தும் நோட்டின் பின்னிணைப்பில் ஒரு பத்தியில் வரும். எதிர்ப் பத்தியில், நோட்டைக் கொண்டுவரும் அமைச்சகத்தின் பதில் வரும். “அனெக்ஷர்தாண்டா உசிரு” என்பார் பெரியப்பா. “எவன் வேண்டாம்னான், அதுக்கு நாம என்ன பதில் சொன்னோம்னு அங்கதான் தெரியும். முன்னாடி பத்து பக்கம் எழுதறது பூரா அலங்காரம். எங்க ஜாயின்ட் செக்ரட்டரி நோட்டைக் கையில வாங்கினதும் பின்னாடியிருந்துதான் படிப்பார்.”

நானும் அப்புறம் பல விஷயங்களைப் பின்னாலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.

மோதிலால் நேரு பிளேஸ் பங்களா

தேசிய ஆலோசனைக் குழு 2004 ஜூனில் அமைக்கப்பட்டது. அலுவலகம் மோதிலால் நேரு பிளேஸில். சோனியா காந்தி தலைவர், கேபினட் அமைச்சருக்குரிய அந்தஸ்து. அரசியலமைப்பில் அப்படி ஒரு அமைப்பு கிடையாது. நாடாளுமன்றச் சட்டமும் அதை உண்டாக்கவில்லை. ஆதாயம் தரும் பதவி என்ற சர்ச்சை கிளம்பி 2006 மார்ச்சில் அவர் எம்.பி. பதவியையும் குழுத் தலைமையையும் சேர்த்தே விட்டார். ரேபரேலியில் மறுபடி நின்று ஜெயித்தார். 2010-ல் குழு புதிதாக அமைந்தது, 2014-ல் ஆட்சியோடு போய்விட்டது. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே. ‘சூப்பர் கேபினட்’ என்று திட்டியவர்கள் சொன்ன வாதம் வலுவானது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று பதில் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லாத ஒருவர், பதில் சொல்லவேண்டிய பிரதமருக்கு மேலே இருப்பதுபோல் தோன்றினால் அது கோளாறுதான்.

ஆனால் பெரியப்பாவின் கேள்வியை வைத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பின்னாலிருந்து படித்தால் வேறொரு படம் தெரிகிறது. 2010 அக்டோபரில் குழு சொன்னது: நாட்டில் குறைந்தது 75 சதவீதம் பேருக்குச் சட்டப்படி மலிவு விலை தானியம், கிராமங்களில் 90 சதவீதம், நகரங்களில் 50 சதவீதம், முன்னுரிமைக் குடும்பத்துக்கு மாதம் 35 கிலோ. பிரதமர் என்ன செய்தார்? சி.ரங்கராஜன் தலைமையில் ஒரு நிபுணர் குழுவை அமைத்து, இது முடியுமா பாருங்கள் என்றார். அவர் அப்போது பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழுவுக்கும் தலைவர். 2011 ஜனவரியில் அந்த நிபுணர் குழு, இவ்வளவு தானியத்தைக் கொள்முதல் செய்ய முடியாது, மானியம் தாங்காது, முன்னுரிமைக் குடும்பங்களுக்கு மட்டும் சட்ட உத்தரவாதம் கொடுக்கலாம் என்று எழுதியது. ஒரு ஆலோசனைக்கு எதிராக இன்னொரு ஆலோசனை, இரண்டும் பொதுவெளியில். 2013-ல் வந்த சட்டம் இரண்டுக்கும் நடுவே எங்கோ நின்றது: கிராமங்களில் 75 சதவீதம் வரை, நகரங்களில் 50 சதவீதம் வரை, ஆளுக்கு 5 கிலோ. எல்லோருக்கும் ரேஷன் அரிசி கொடுத்துக்கொண்டிருந்த தமிழ்நாடு முகத்தைத் திருப்பிக்கொண்டு, 2016 நவம்பரில்தான் அதில் சேர்ந்தது. சட்டம் நல்லதா கெட்டதா என்பது தனி விவாதம். வேண்டாம் என்று எழுதியது யார், என்ன காரணம் சொன்னார், கடைசியில் எந்த அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது என்பதெல்லாம் இங்கே தெரிகிறது. பின்னிணைப்பு இருக்கிறது.

சூப்பர் கேபினட்டின் சூப்பர் எந்த அளவுக்கு என்பதற்கும் ஒரு சாட்சி உண்டு. அருணா ராய் சென்னையில் பிறந்தவர், டெல்லியில் வளர்ந்தவர், ஐ.ஏ.எஸ். வேலையை 1974-ல் விட்டுவிட்டு ராஜஸ்தான் கிராமத்துக்குப் போனவர். தகவல் உரிமைச் சட்டத்தின் விதை அங்கே அவர்கள் நடத்திய கூலிக் கணக்குப் போராட்டத்தில் இருக்கிறது. 2013-ல் குழுவில் இன்னொரு தவணை வேண்டாம் என்று விலகினார். நூறு நாள் வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி கொடுங்கள் என்று குழு சொன்னதைப் பிரதமர் ஏற்கவில்லை. கூலி கொடுக்கச் சொன்ன கர்நாடக உயர் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. வருத்தத்தைக் கடிதத்தில் எழுதிவிட்டுப் போனார். மேலே உட்கார்ந்து ஆட்டிப்படைத்ததாகச் சொல்லப்பட்ட குழுவால், தாங்களே முன்னின்று வாங்கிக்கொடுத்த திட்டத்தில் குறைந்தபட்சக் கூலியைக்கூட வாங்கித்தர முடியவில்லை.

அதே அமைச்சரவை 2006 ஜூலையில் இன்னொரு காரியம் செய்தது. தகவல் உரிமைச் சட்டம் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, கோப்புக் குறிப்புகளை மக்கள் பார்ப்பதைக் கட்டுப்படுத்த ஒரு திருத்தத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. கோப்பில் எந்த அதிகாரி என்ன எழுதினார் என்பது வெளியே வரக்கூடாதாம். அண்ணா ஹசாரே உண்ணாவிரதம் இருந்தார், ஊரெல்லாம் எதிர்ப்பு, திருத்தம் நாடாளுமன்றத்துக்கு வராமலே போனது. இந்தச் செய்தி வந்தபோது பெரியப்பா ஓய்வு பெற்றிருந்தார். அவருடைய கட்சி எது தெரியுமா? அரசாங்கக் கட்சி. “நோட்டிங்கை வெளியே காட்டினா எந்த அண்டர் செக்ரட்டரி தைரியமா எழுதுவான்?” என்றார். இது பின்னால் வருகிறது.

காலை ஆறு மணிக் கூட்டம்

எனக்கு இந்த விஷயம் முழுதாகத் திரும்பிய இடம் 1975 ஜூன் 25 இரவு. எமர்ஜென்சியைப் பற்றிப் பேசும்போது கைதுகளையும் தணிக்கையையும் பேசுவோம். அந்த இரவின் காகித வேலையைப் பற்றி நான் யோசித்ததில்லை. எமர்ஜென்சி அத்துமீறல்களை விசாரிக்க அமைத்த ஷா கமிஷன் 1977-ல் விசாரித்துப் பதிவு செய்தது அதைத்தான்.

பிரதமர் இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றி செல்லாது என்ற அலகாபாத் தீர்ப்பு ஜூன் 12. ஜூன் 25 அன்று பிரதமருக்குச் சட்ட வழி காட்டிக் கொடுத்தவர் சித்தார்த்த சங்கர் ராய். அவர் மேற்கு வங்க முதலமைச்சர். மத்திய அமைச்சரவையில் அவருக்கு இடமே கிடையாது. அரசியலமைப்புப் புத்தகத்தைப் புரட்டி, நெருக்கடி நிலைக்கான 352-வது பிரிவைப் பயன்படுத்தலாம் என்றவர் அவர். இரண்டு பேரும் குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமதைப் போய்ப் பார்த்தார்கள். இரவில் உள்துறை அமைச்சர் பிரம்மானந்த ரெட்டியைக் கூப்பிட்டு ஒரு கையெழுத்து வாங்கினார்கள். பிரதமரின் கடிதம் ராஷ்டிரபதி பவனுக்குப் போனது. அதில் சாரமாக இருந்தது இது: இதை அமைச்சரவைக்குக் கொண்டுபோக விரும்பினேன், இன்றிரவு அது முடியாது, அலுவல் விதிகளின் 12-வது விதியின் கீழ் எனக்குள்ள அதிகாரத்தால் அந்த நடைமுறையைத் தளர்த்துகிறேன், நாளைக் காலை முதல் வேலையாக அமைச்சரவையிடம் சொல்கிறேன். நள்ளிரவுக்கு முன் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டுவிட்டார்.

கேபினட் செயலாளர் பி.டி.பாண்டேவுக்குப் பின்னிரவு நாலரை மணிவாக்கில் போன் வருகிறது, ஆறு மணிக்கு அமைச்சரவைக் கூட்டம் என்று. நாட்டின் அலுவல் விதிகளுக்குக் காவலாக இருக்கவேண்டிய அதிகாரிக்கு அதுவரை விஷயமே தெரியாது. அமைச்சர்களுக்கும் அப்படித்தான். தூக்கக் கலக்கத்தோடு வந்தவர்களிடம், முடிந்துபோன காரியத்துக்கு ஒப்புதல் கேட்கப்பட்டது. ஸ்வரண் சிங் மட்டும் இது அவசியமா என்கிற மாதிரி ஏதோ கேட்டார் என்று பதிவாகியிருக்கிறது. கூட்டம் சீக்கிரமே கலைந்தது. கொஞ்ச நேரத்தில் ஆகாசவாணியில் பிரதமரின் குரல்.

இதைப் படித்தபின் என் கேன்டீன் வாதம் நொண்டியடிக்கத் தொடங்கியது. அரசியலமைப்பில் இடம் உள்ள அமைப்பு அமைச்சர் குழு. 74-வது பிரிவு, குடியரசுத் தலைவருக்கு உதவியும் ஆலோசனையும் தருவது அதன் வேலை என்கிறது. 75-வது பிரிவு, மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்பு என்கிறது. 25-ம் தேதி இரவில் ஆலோசனை சொன்னவர் அந்தக் குழுவுக்கு வெளியே இருந்தவர். பொறுப்பை மட்டும் 26-ம் தேதி காலையில் குழுவின் தலையில் வைத்தார்கள். எந்த அமைச்சகமும் அபிப்பிராயம் எழுதவில்லை, எதிர்ப் பத்தியில் பதிலும் இல்லை. வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஆள் ஒருவரைக்கூட வழியில் சந்திக்காமல் ஒரு முடிவு சப்தர்ஜங் சாலையில் பிரதமர் வீட்டிலிருந்து ரைசினா குன்றில் ராஷ்டிரபதி பவனுக்குப் போய்ச் சேர்ந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், சத்தியப்பிரமாணம் எடுத்தவர்கள், எல்லாத் தகுதியும் உள்ளவர்கள் அந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். என்ன பிரயோஜனம்?

அடுத்து வந்த ஜனதா அரசு இதை உணர்ந்துதான் 1978-ல் 44-வது திருத்தத்தில் ஒரு பூட்டுப் போட்டது: அமைச்சரவையின் முடிவு எழுத்தில் தெரிவிக்கப்படாமல் குடியரசுத் தலைவர் நெருக்கடி நிலையைப் பிரகடனம் செய்யக்கூடாது. வேடிக்கை என்னவென்றால், கேபினட் அந்தஸ்துள்ள அமைச்சர்களின் அமைப்பு என்ற வகையில் அமைச்சரவை நம் அரசியலமைப்புக்குள் நுழைந்ததே அந்தத் திருத்தத்தில்தான். அதுவரை அமைச்சர் குழு முழுவதைப் பற்றித்தான் பேச்சு. ஆக, அரசியலமைப்பில் பெயர் இல்லாத அமைப்பு என்பது மட்டுமே குற்றம் என்றால், நேரு காலத்து கேபினட்டும் அதே கூண்டில்தான் நின்றிருக்கும். 12-வது விதி இன்னும் இருக்கிறது. 2019 நவம்பர் 23 அன்று விடிவதற்கு முன் மகாராஷ்டிரத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சியை விலக்கியது அதை வைத்துத்தான்.

அந்த 44-வது திருத்தம் இன்னொன்றும் செய்தது: அமைச்சர் குழுவின் ஆலோசனையை ஒருமுறை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம் என்ற உரிமையைக் குடியரசுத் தலைவருக்குக் கொடுத்தது. மறுபடி வந்தால் கையெழுத்துப் போட்டே ஆகவேண்டும். இது ஒப்புக்குச் சப்பாணி அதிகாரம் என்றுதான் தோன்றும். குடியரசுத் தலைவராக இருந்த கே.ஆர்.நாராயணன் 1997 அக்டோபரில் உத்தரப் பிரதேச அரசைக் கலைக்கச் சொன்ன குஜ்ரால் அமைச்சரவையின் ஆலோசனையைத் திருப்பி அனுப்பினார். அமைச்சரவை மறுபடி கூடி, விஷயத்தைக் கைவிட்டது. 1998-ல் பீகார் விஷயத்தில் வாஜ்பாய் அரசுக்கும் அதே பதில். தடுக்கும் சக்தி இல்லாத ஒருவர் ‘யோசித்தீர்களா’ என்று எழுதிக் கேட்டதற்கே இவ்வளவு பலன். 1975-ல் அந்த மேஜையிலிருந்தும் அந்தக் கேள்வி எழுத்தில் வரவில்லை, ராஷ்டிரபதி பவனிலிருந்தும் வரவில்லை.

ராஜினாமா என்ற ஒரே ஆயுதம்

அமைச்சருக்கும் ஆலோசகருக்கும் இடையே நடைமுறையில் ஒரு வித்தியாசம் உண்டு. ஆலோசகர் சொன்னதைக் கேட்காவிட்டால் அவர் பாட்டுக்கு ஒரு கட்டுரை எழுதலாம். அமைச்சருக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. வெளியே வந்தால் முடிவைத் தன்னுடையதாகப் பேச வேண்டும், இல்லாவிட்டால் போக வேண்டும். ஜான் மத்தாய் 1950-ல் போனார். திட்டக் குழுவை அமைச்சரவைத் தீர்மானம் ஒன்றின் மூலம் மார்ச் மாதம் உருவாக்கினார்கள். இது இணை அமைச்சரவையாக மாறும் என்று சொல்லி நிதியமைச்சர் பதவியை விட்டார். அவர் பயந்தது வீண்போகவில்லை. அறுபது வருடத்துக்கு மேல், முதலமைச்சர்கள் திட்ட ஒதுக்கீட்டுக்காகத் திட்டக் குழு இருந்த யோஜனா பவன் படியேறினார்கள். அந்தக் காலத்தின் இன்னொரு ஆலோசனை மன்றம் தேசிய வளர்ச்சிக் குழு. 2012 டிசம்பரில் விக்யான் பவனில் பேசிக்கொண்டிருந்த ஜெயலலிதாவைப் பத்து நிமிடம் ஆயிற்று என்று மணியடித்து நிறுத்தினார்கள். அவர் வெளிநடப்புச் செய்தார். மாநிலங்களின் ஆலோசனையைக் கேட்கத்தான் கூட்டம். மணி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. 2015 ஜனவரியில் திட்டக் குழு இருந்த இடத்துக்கு நிதி ஆயோக் வந்தது. நிதி ஒதுக்கும் அதிகாரம் அதற்கு இல்லை, பெயரில் மட்டும் இருக்கிறது என்று நாம் தமிழில் கேலி செய்துகொள்ளலாம்.

இன்னொரு நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி 1958-ல் போன விதம் வேறு. ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணத்தில் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய் தொழிலதிபர் முந்த்ராவின் நிறுவனங்களின் பங்குகளில் போடப்பட்டது. தன் ஒப்புதலோடு நடந்ததல்ல என்பது அமைச்சரின் கட்சி. இதை விசாரித்த நீதிபதி சக்ளா ஒப்புக்கொள்ளவில்லை. செயலாளர் செய்த காரியத்துக்கு அமைச்சர்தான் பொறுப்பு, எனக்குத் தெரியாது என்று தப்பிக்க முடியாது என்றார். டி.டி.கே. மெட்ராஸ் திரும்பினார். வாய்மொழி உத்தரவில் எவ்வளவு விஷம் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. இது அமைச்சரைச் சிக்கவைத்த கதை. அதிகாரிகளைச் சிக்கவைத்த கதைகளுக்குக் கணக்கே இல்லாததால்தான், கேபினட் செயலாளராக இருந்து ஓய்வு பெற்ற டி.எஸ்.ஆர்.சுப்பிரமணியன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 2013-ல் வந்த தீர்ப்பு, வாய்மொழி உத்தரவுகளின் பேரில் அதிகாரிகள் செயல்படக்கூடாது, எழுத்தில் பதிவாக வேண்டும் என்றது. பெரியப்பா அந்தத் தீர்ப்புச் செய்தியைக் கத்தரித்து வைத்திருக்கிறார். தினமும் அது மீறப்படுகிறது என்பதும் அவருக்குத் தெரியும்.

சி.சுப்பிரமணியம் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. 1965 பிப்ரவரி 11. தமிழ்நாடு இந்தி எதிர்ப்பில் பற்றி எரிகிறது. மத்திய அமைச்சர்களாக இருந்த அவரும் ஓ.வி.அழகேசனும் ராஜினாமா கொடுத்தார்கள். பிரதமர் சாஸ்திரி அதை ஏற்று ராஷ்டிரபதி பவனுக்கு அனுப்பினார் என்றும், குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் சம்மதிக்காமல் பிரதமரை இறங்கி வரச் சொன்னார் என்றும் எழுதியிருக்கிறார்கள். அன்று மாலையே சாஸ்திரி வானொலியில் பேசினார். மாநிலங்கள் விரும்பும்வரை ஆங்கிலம் தொடரும் என்ற நேருவின் வாக்குறுதி காப்பாற்றப்படும் என்றார். தெருவில் நடந்த போராட்டமும் உயிர்ப்பலிகளும்தான் அடிப்படைக் காரணம், அதை மறுக்கவில்லை. ஆனால் அமைச்சரவைக்குள்ளிருந்து இரண்டு பேர் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்த நாளில்தான் பிரதமர் மைக் முன்னால் உட்கார்ந்தார். பத்து வருடம் கழித்து, 1975 ஜூனில், இந்திரா காந்தியின் நிதியமைச்சர் அதே சி.சுப்பிரமணியம். அன்றிரவு அவரை யாரும் கேட்கவில்லை. மறுநாள் அவர் ராஜினாமா செய்யவுமில்லை. மனிதர் ஒருவரேதான். முன்னே அவர் உட்கார்ந்திருந்தது எதிர்வாதம் பேசி வாழக்கூடிய ஒரு அமைச்சரவை. பின்னே இருந்தது அப்படிப்பட்டதல்ல. ஆளைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதில் எனக்குள்ள தயக்கம் இதனால்தான்.

ஆலோசனைக் குழுவுக்கும் அமைச்சரவைக்கும் உறவு ஒழுங்காக நடந்த ஒரு சந்தர்ப்பமும் உண்டு, அதிலும் நம் ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார். திருச்சியில் பிறந்த கே.சுப்ரமணியம் தேசியப் பாதுகாப்பு ஆலோசனை வாரியத்தின் முதல் அமைப்பாளர். வாரியம் தயாரித்த அணு ஆயுதக் கோட்பாட்டு வரைவு 1999 ஆகஸ்டில் வெளியிடப்பட்டது. உலகமே அதை அலசியது. இது அரசின் கொள்கை ஆவணமல்ல என்று வெளியுறவு அமைச்சர் ஜஸ்வந்த் சிங் சொல்லிவிட்டார். மூன்று வருடத்துக்கு மேல் விவாதம் ஓடியது. 2003 ஜனவரி 4 அன்று அமைச்சரவையின் பாதுகாப்புக் குழு, மாற்றங்களோடு ஒரு கோட்பாட்டை ஏற்று அறிவித்தது. வரைவு யாருடையது, முடிவு யாருடையது என்பதில் யாருக்கும் குழப்பம் வரவில்லை. அணுகுண்டு விஷயத்தில் இவ்வளவு வெளிப்படையாக இருக்க முடிந்தது என்பதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டு வாங்கிய பரிந்துரை

அடுத்து 2016 நவம்பர் 8. ரூபாய் நோட்டைச் செல்லாததாக்க, ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 26(2) பிரிவுப்படி வங்கியின் மத்திய வாரியம் பரிந்துரைக்க வேண்டும், அதன்மேல் அரசு அறிவிக்க வேண்டும். நடந்ததில் திசை தலைகீழ். நவம்பர் 7 அன்று அரசு வங்கிக்கு எழுதியது, இப்படிப் பரிந்துரைப்பதைப் பரிசீலியுங்கள் என்று. 8-ம் தேதி மாலை ஐந்தரை மணிக்கு வாரியம் டெல்லியில் கூடியது, பரிந்துரைத்தது. எட்டு மணிக்குப் பிரதமர் டி.வி.யில் வந்துவிட்டார். அந்த வாரியக் கூட்டத்தின் மினிட்ஸ் 2019-ல் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாக வெளியே வந்தது. கறுப்புப் பணத்தில் பெரும்பகுதி ரொக்கமாக இல்லை, தங்கமாகவும் மனையாகவும் இருக்கிறது. கள்ள நோட்டு 400 கோடி ரூபாய் என்பது புழக்கத்தில் உள்ள மொத்தப் பணத்தோடு ஒப்பிட்டால் பெரிய அளவல்ல. இரண்டையும் உறுப்பினர்கள் சொல்லி, பதிவும் ஆகியிருக்கிறது. பிறகு பரிந்துரையும் ஆகியிருக்கிறது. மயூர் விஹார் ஏ.டி.எம். வரிசையில் நின்ற எவருக்கும் அந்த மினிட்ஸைப் படித்தால் ரத்தம் கொதிக்கும். ஆனால் குறைந்தபட்சம் படிக்க முடிகிறது.

2023 ஜனவரி 2-ம் தேதி உச்ச நீதிமன்றம் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் அரசின் நடவடிக்கையை ஏற்றது. அந்த ஒருவர் நீதிபதி பி.வி.நாகரத்னா. யோசனை அரசிடமிருந்து வந்தது, வங்கி சுயமாக மனத்தைச் செலுத்தவில்லை என்பது அவருடைய கருத்து. கேட்டு வாங்கிய ஆலோசனை ஆலோசனையா என்ற கேள்வி அதில் இருக்கிறது. எனக்கு அந்த மாறுபட்ட தீர்ப்புதான் சரி என்று படுகிறது.

அன்று மாலை மத்திய அமைச்சரவையும் கூடியது. அங்கே யார் என்ன சொன்னார்கள்? நிதி அமைச்சகத்தைத் தவிர வேறு எந்த அமைச்சகமாவது எதாவது எழுதியதா? சுற்றுக்கு விட்டிருந்தால் ரகசியம் கசிந்திருக்கும் என்பது புரிகிறது. முடிந்தபிறகாவது தெரிய வேண்டாமா? தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(i) பிரிவு அமைச்சரவை ஆவணங்களுக்கும் அமைச்சர்கள், செயலாளர்களின் கலந்துரையாடல் பதிவுகளுக்கும் விலக்குக் கொடுக்கிறது. முடிவும் காரணங்களும் ஆதாரமான விவரங்களும் விஷயம் முடிந்தபின் வெளியிடப்பட வேண்டும் என்று அதே பிரிவில் ஒரு நிபந்தனை இருக்கிறது. நடைமுறையில் விலக்கு வாழ்கிறது, நிபந்தனை தூங்குகிறது. யாருக்கும் பதில் சொல்லவேண்டாத தேசிய ஆலோசனைக் குழு தன் கூட்டக் குறிப்புகளையும் வரைவுகளையும் இணையத்தில் போட்டது. மக்களவைக்கு முழுப் பொறுப்புள்ள அமைச்சரவையின் பின்னிணைப்பு மட்டும் அரக்கு முத்திரைக்குள் இருக்கிறது.

இதைப் பெரியப்பாவிடம் சொன்னால் ஏற்கமாட்டார். போன மாதமும் சண்டை போட்டோம். “வெளியே வரும்னு தெரிஞ்சா எவனும் வேண்டாம்னு எழுதமாட்டான்டா. ‘பார்த்தேன், ஆட்சேபணை இல்லை’ன்னு ஒரு வரி போட்டு அனுப்பிடுவான். அனெக்ஷரே வெத்துக் காகிதமாயிடும். ரகசியமா இருக்கறதாலதான் அதுல உண்மை இருக்கு.” நாற்பது வருடம் அதைத் தட்டச்சு செய்தவர் சொல்கிறார், எளிதில் தள்ள முடியவில்லை. அன்றன்றைக்கே வேண்டாம் பெரியப்பா, இருபத்தைந்து வருடம் கழித்துப் பொது ஆவணங்களைத் திறக்கலாம் என்று நம் விதியே சொல்கிறதே, கேபினட் காகிதமும் அப்படி ஒழுங்காக ஜன்பத் ஆவணக் காப்பகத்துக்கு வந்து சேரட்டும் என்றேன். இருபத்தைந்து வருடம் கழித்து எழுதினவனும் அரசியலில் இருக்கமாட்டான், மீறிக் கையெழுத்துப் போட்டவனும் இருக்கமாட்டான். “அப்போ அதைப் படிச்சு நீ யாரைக் கேள்வி கேக்கப்போற?” என்றார். அடுத்து வருகிறவன் இப்போதே பயப்படுவானே என்றேன். அக்கா மகன் நடுவில் புகுந்து, “தாத்தா, இது ஜி.எஸ். பேப்பர் ரெண்டுல வருமா?” என்று கேட்டான். வரும் என்றார் பெரியப்பா, ஆனால் நான் சொன்னதை எழுதினால் மார்க் வராது என்றும் சேர்த்துக்கொண்டார்.